1024 புள்ளிகளில் ஓர் உரல்



சென்ற இதழில் கணனியில் கடிதம் எழுதுவது எப்படி என்று பார்த்தோம். இம்முறை படம் வரைவோம். பயப்பட வேண்டாம், பெரிய படமல்ல. பெருவிரல் நகத்தளவு படம். கைத்தொலைபேசியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் வட்டமாக ஒன்று தெரிகிறதே, அது. கடையில் வாங்கும் தேயிலைப் பொட்டலத்தின் மூலையில் இருக்கும் சிறிய அடையாளம், அதுவும் இதுதான். கணனிக்காரர் இதனை 'ஐகன்' என்பார்கள். நாம் சின்னம் என்றே சொல்லிக்கொள்வோம்.

இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஓர் அக்காவினால் வந்தது. அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவரும் விரும்ப மாட்டார்.

அக்கா பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில் கலஹாப் பகுதித் தோட்டம் ஒன்றில். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அவருடைய தகப்பனார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். அந்த வருடத்திலும் பிறகு 1983இலும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. காடு வெட்டி, கிணறு வெட்டி, அங்கேயே வேரூன்றினார்கள். அக்கா அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்தவர். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, முகாமில் இருந்து, கடைசியில் ஒரு மகளோடு தமையன் வீட்டுக்கே திரும்பி வந்தார். போன இடமும் போய், வந்த இடமும் பழைய இடமாக இல்லை. அவருடைய பேச்சில் இன்றைக்கும் பாதி தோட்டம், பாதி வன்னி.

நானும் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, கண்டியில் வந்து தங்கியவள். ஆகவே எங்கள் இருவருக்கும் நிறையக் கதைக்க இருந்தது.

அக்காவின் தொழில் வறுத்த மிளகாய்த்தூள். வன்னியில் பழகிய பக்குவம். மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுத்துச் சேர்ப்பது. மிளகுக்கு நமது கண்டிப் பக்கத்தில் குறைவில்லை. இன்னும் நான்கு பெண்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள். தூள் நல்ல தூள். ஆனால் வெறும் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தால் கடைக்காரர் பின்தட்டில் வைத்துவிடுகிறார். "ஒரு மார்க் போட்டுக்கொண்டு வாங்க" என்றார் ஒரு கடைக்காரர்.

அந்த மார்க்குக்காக அக்கா பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

யாருடைய முகம்?

முதலில் ஓர் அச்சகத்தில் கேட்டார். "கண்டிதானே, ஒரு யானையைப் போடுவோம், பெரஹெரா மாதிரி" என்றார்களாம். யானைக்கும் மிளகாய்த்தூளுக்கும் என்ன சம்பந்தம் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. படம் வரையக் கேட்ட காசும் ஒரு மாத வருமானத்துக்குக் கிட்ட.

பிறகு உதவி செய்ய முன்வந்த ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். அவர்கள் இலவசமாகவே ஒரு படம் செய்து கொண்டு வந்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண். கன்னத்தில் ஒரு துளி கண்ணீர். அதற்குக் கீழே 'யுத்த விதவைகளின் தயாரிப்பு' என்ற வரி. இப்படிப் போட்டால் வெளிநாட்டில் உள்ளவர்கள் கூட வாங்குவார்கள் என்று சொன்னார்களாம்.

அக்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மழை நாள். ஹந்தானை மலை முழுவதும் புகார் மூடியிருந்தது. தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"டீச்சர், எங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையான்னு எனக்கே தெரியாதுங்க. இன்னும் பொட்டு வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பொட்டலத்துல எப்படி விதவைன்னு அச்சடிக்கிறது? மகள் பார்த்தா என்ன நினைப்பா?"

எனக்குப் பதில் இல்லை.

"அதோட, அழுவுற மூஞ்சிய ஒட்டி வித்தா, தூள் ருசியா இருக்குன்னா வாங்குவாங்க? பாவம்னுதானே வாங்குவாங்க? ஒரு தரம் வாங்குவாங்க."

வியாபாரம் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. "சரி அக்கா, நாங்களே செய்வோம்" என்றேன். வாயால் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

'கிம்ப்' என்ற இலவச மென்பொருள்

படம் வரையவும் திருத்தவும் பயன்படும் மென்பொருள்களில் பிரபலமானவை விலை கூடியவை. பலர் திருட்டுப் பிரதியைப் போட்டுக்கொள்கிறார்கள். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி மென்பொருளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. சட்டம் ஒரு புறம் இருக்க, திருட்டுப் பிரதியோடு வைரசும் சேர்ந்து வருவது இன்னொரு தலைவலி.

நமக்கு அந்தத் தலைவலி தேவையில்லை. 'கிம்ப்' என்று ஒன்று இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பார்க்லி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய வேலை இது. 1996இல் பொதுமக்களுக்கு விட்டார்கள். அன்றிலிருந்து பல நாடுகளைச் சேர்ந்த தொண்டர்கள் இதனை வளர்த்து வருகிறார்கள். 3.0 என்ற பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. காசு கொடுக்கத் தேவையில்லை. எத்தனை கணனியிலும் போடலாம், தோழிக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். செய்த படத்தை விற்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இதனை 'கிம்ப் டொட் ஓர்க்' என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022இல் கூகுள் தேடலில் இதே பெயரில் ஒரு போலி விளம்பரம் வந்து, அதை அழுத்தியவர்களுக்குத் திருட்டு நிரல் இறங்கியது. தேடலின் மேலே வரும் விளம்பரங்களை அழுத்தாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது நல்லது. இது கணனியில் இயங்குவது. கைத்தொலைபேசிக்கென்று அதிகாரபூர்வமான பதிப்பு இல்லை. அக்காவின் மகளுக்குப் படிக்க வாங்கிய பழைய மடிக்கணனியே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

புள்ளி எங்களுக்குப் புதிதல்ல

கணனியைத் திறந்ததும் அக்கா மவுசைத் தொடப் பயந்தார். "இதெல்லாம் எனக்கு ஏலாதுங்க டீச்சர்" என்று கையை இழுத்துக்கொண்டார். நான் கணனியை மூடிவிட்டு, பிள்ளையின் சதுரக் கோட்டுக் கணக்குக் கொப்பியை எடுத்து நீட்டினேன்.

"அக்கா, மார்கழியில கோலம் போட்டிருக்கிறீங்கள்தானே?"

"தோட்டத்துல போடாம இருக்க முடியுமா? வாசல் முழுக்கப் போடுவோம்."

"எத்தனை புள்ளி?"

"பதினஞ்சுக்குப் பதினஞ்சு கூட வப்பேன்."

அவ்வளவுதான் விடயம். கணனித் திரையில் தெரியும் படமெல்லாம் புள்ளிகளால் ஆனவை. வரிசையாகப் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். 32 புள்ளி அகலம், 32 புள்ளி உயரம் வைத்தால் மொத்தம் 1024 புள்ளி. நமது சின்னத்துக்கு அது போதும். புள்ளிக் கோலத்தில் புள்ளியைச் சுற்றிக் கோடு இழுக்கிறோம், இங்கே புள்ளியையே நிரப்புகிறோம். அதுதான் வித்தியாசம்.

கோலத்துக்கும் கணனிக்கும் உள்ள உறவை நான் ஒருத்தி கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். 1974இலேயே தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து, கோலங்களைக் கணனி இலக்கணமாக எழுதலாம் என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். மூவரில் இருவர் பெண்கள்.

இன்னொரு பெண்ணையும் சொல்ல வேண்டும். சூசன் கேர். 1983இல் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தவர். 1984 ஜனவரியில் வெளிவந்த மக்கின்ரோஷ் கணனியின் சின்னங்களை வரைந்தவர் அவர்தான். குப்பைத்தொட்டி, தூரிகை என்று இன்றைக்கு நாம் பார்க்கும் பலவற்றுக்கு அவை முன்னோடி. அவர் முதலில் கணனியில் வரையவில்லை. கடையில் சதுரக் கோட்டுக் கொப்பி வாங்கி, 32க்கு 32 சதுரத்தில் பென்சிலால் நிரப்பினார். தையல் வேலையும் பதிகல் வேலையும் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. அப்பிள் விசைப்பலகையில் நான்கு மூலையும் சுழித்த ஒரு சதுரம் இருக்கும். அதைத் தெரிவு செய்தவரும் அவரே. சுவீடன் போன்ற நாடுகளில் பார்க்கத்தக்க இடங்களுக்கு வைக்கும் வீதிச் சின்னம் அது. படத்தைக் காட்டியதும் அக்கா, "இது நம்ம சிக்குக் கோலத்துச் சுழிதானே?" என்றார்.

கண்டியிலும் உதாரணம் உண்டு. மெனிக்ஹின்னைக்குப் பக்கத்தில் நெய்யும் தும்பறைப் பாயைப் பார்த்திருப்பீர்கள். அதில் வரும் யானையும் மானும் பறவையும் ஏன் படிக்கட்டுப் போல விளிம்போடு இருக்கின்றன? நெசவில் நூல் நேராகவும் குறுக்காகவும் மட்டுமே ஓடும். ஆகவே எந்த வளைவும் படிப்படியாகத்தான் வரும். அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2021இல் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நமது சின்னமும் அதே வேலைதான்.

எதை வரைவது?

இந்த இடத்தில்தான் நேரம் போனது. மென்பொருள் பழகியது இரண்டு பின்னேரம். எதை வரைவது என்று முடிவு செய்தது இரண்டு கிழமை.

முதலில் அக்கா எல்லாவற்றையும் போட நினைத்தார். மிளகாய், மிளகுக்கொடி, மல்லி, ஐந்து பெண்கள், மேலே பெயர். நான் தடுக்கவில்லை. பொட்டலத்தைப் படம் பிடித்து, அதையே 32 புள்ளிக்குச் சுருக்கிக் காட்டினேன். ஒரு சிவப்புக் கறை மட்டுமே தெரிந்தது. பெயரை எழுதிப் பார்த்தோம். தமிழ் எழுத்துக்கு வளைவு அதிகம். மூன்று சுழி 'ண' அந்த இடத்தில் வெறும் கட்டியாகிவிட்டது. சிறிய சின்னத்தில் ஒரு பொருள்தான் நிற்கும். பெயரைச் சின்னத்துக்குக் கீழே, லேபலில், பெரிதாக எழுதலாம்.

"ஒரே ஒரு பொருள் எண்டால் எது அக்கா?"

அவர் யோசிக்கவே இல்லை. "உரல்."

கிளிநொச்சியில் அவருடைய மாமியார் கொடுத்த மர உரல் இருந்ததாம். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுவதற்கு முன்பே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். விசுவமடுவில் பெட்டியில் இடம் போதவில்லை. வயதான மனிதரை ஏற்றுவதற்காக உரலை இறக்கி ஒரு வேப்பமரத்தடியில் வைத்துவிட்டார்கள். உலக்கை மட்டும் கூட வந்தது. தறப்பாள் கொட்டிலுக்குக் கம்பாக நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

"இப்ப கிரைண்டர்லதான் அரைக்கிறோம் டீச்சர். ஆனா தூள்னு சொன்னா எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்குது."

அக்கா கொப்பியில் பென்சிலால் சதுரங்களை நிரப்பத் தொடங்கினார். நடுவில் ஒரு உலக்கை நேராக நின்றது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒரு உலக்கையா? நீங்களும் அப்பம்மாவும் சேர்ந்துதானே இடிப்பீங்க?" என்றாள். அக்கா அழிறப்பரை எடுத்தார். உரல் ஒன்று, உலக்கை இரண்டு என்று முடிவாயிற்று.

இனி நீங்கள் செய்து பாருங்கள்

மென்பொருளின் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பக்கத்தில் கணனி இல்லாவிட்டாலும் முதலில் கொப்பியில் வரைந்து வையுங்கள்.

1. 'ஃபைல்' பட்டியலில் 'நியூ' அழுத்துங்கள். அகலம் 32, உயரம் 32 என்று கொடுங்கள். கீழே 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' திறந்து, 'ஃபில் வித்' என்ற இடத்தில் 'ட்ரான்ஸ்பேரன்சி' தெரிவு செய்யுங்கள். அப்படியென்றால் பின்னணி கண்ணாடி போல இருக்கும். திரையில் சாம்பல் நிறச் சதுரங்கள் தெரிந்தால் சரி.

2. தாள் மிகச் சிறிதாகத் தெரியும். 'வியூ', 'சூம்' வழியாக 1600 வீதத்துக்குப் பெரிதாக்குங்கள். பிறகு 'இமேஜ்' பட்டியலில் 'கொன்ஃபிகர் கிரிட்' போய், இடைவெளி இரண்டையும் 1 ஆக்குங்கள். 'வியூ' பட்டியலில் 'ஷோ கிரிட்' அழுத்தினால் கணக்குக் கொப்பி உங்கள் முன்னால் வந்துவிடும்.

3. 'பென்சில்' கருவியை எடுங்கள். தூரிகை வேண்டாம். நாங்கள் முதலில் தூரிகையால் வரைந்து, விளிம்பெல்லாம் மங்கிப் போயிற்று. பென்சில் விளிம்பு வெட்டினாற்போல வரும். அதன் அளவை 1 ஆக வையுங்கள். பிழைத்தால் 'கொன்ட்ரோல்' விசையோடு 'இசட்' அழுத்துங்கள், செய்தது அழியும். இதைச் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மவுஸ் பயம் போனது. "கோலத்துல கூட இப்படி இல்லையே" என்றார்.

4. நிறத்தைத் தெரிவு செய்யுங்கள். மர நிறத்துக்கு 663300, மிளகாய்ச் சிவப்புக்கு 990000 என்ற இலக்கங்களை நிறப் பெட்டியில் எழுதலாம். இலக்கத்தைக் கொப்பியில் குறித்து வைத்தால் அடுத்த முறையும் அதே நிறம் வரும். இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம்.

5. இடது பாதியை மட்டும் வரையுங்கள். உரலின் வாய் மேலிருந்து 14ஆம் வரிசையில், 7ஆம் புள்ளியிலிருந்து 16ஆம் புள்ளி வரை. கீழே வரவர ஒடுங்கி, 22ஆம் வரிசையில் இடுப்பு 13ஆம் புள்ளியில் தொடங்கட்டும். மறுபடி அகன்று, 30ஆம் வரிசையில் அடி 8ஆம் புள்ளியில் தொடங்கட்டும். உலக்கை இரண்டு புள்ளி அகலம். 13ஆம் வரிசையில் 13ஆம், 14ஆம் புள்ளிகளில் தொடங்கி மேலே போகட்டும். இரண்டு வரிசை ஏறினால் ஒரு புள்ளி வெளியே தள்ளுங்கள். படிக்கட்டு ஏறுவது போலத்தான். 2ஆம் வரிசையில் முடியுங்கள். மேல்முனையில் இரண்டு வரிசைக்குச் சிவப்பு வைத்தால் பூண் போல இருக்கும்.

6. இப்போது 'லேயர்' பட்டியலில் 'டுப்ளிக்கேற் லேயர்' அழுத்துங்கள். வரைந்ததன் மேல் அதே போல இன்னொரு தாள் வரும். அதே பட்டியலில் 'ட்ரான்ஸ்ஃபோம்' போய் 'ஃபிளிப் ஹொரிசொன்டலி' அழுத்தினால் அது இடம் வலமாகத் திரும்பும். வலது பாதி தானாக வந்து சேரும். பிறகு 'மேர்ஜ் டவுன்' அழுத்தி இரண்டையும் ஒன்றாக்குங்கள். வலது உலக்கை திடீரென்று திரையில் எழுந்து நின்றபோது அக்கா கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

7. உடனே சேமியுங்கள். 'சேவ்' அழுத்தினால் கிம்ப் தனக்கேயுரிய 'எக்ஸ்சிஎஃப்' வடிவத்தில் வைத்துக்கொள்ளும். இது மூலப்பிரதி. நாங்கள் முதல் நாள் சேமிக்க மறந்தோம். மின்சாரம் நின்றது, பழைய கணனியின் பற்றரியும் செத்தது. ஒரு பின்னேர வேலை போயிற்று.

8. பிறருக்குக் கொடுக்க 'எக்ஸ்போர்ட் அஸ்' அழுத்தி, பெயரின் முடிவில் 'பிஎன்ஜி' என்று வரும்படி கொடுங்கள். 'ஜேபெக்' வேண்டாம். அதற்குக் கண்ணாடிப் பின்னணி தெரியாது. நாங்கள் ஜேபெக்கில் கொடுத்து, பச்சை லேபலில் உரலைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது.

9. அச்சுக்குப் பெரிதாக்க வேண்டும். 'இமேஜ்' பட்டியலில் 'ஸ்கேல் இமேஜ்' போய் 320 என்று கொடுங்கள். அங்கேயே 'ரெசொலூஷன்' 300 ஆகட்டும். 'இன்ரர்பொலேஷன்' என்ற இடத்தில் 'நன்' என்று வையுங்கள். இதை மறந்தால் படம் புகார் மூடினாற்போல மங்கும். 320 புள்ளி அச்சில் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும். எப்போதும் 32இன் மடங்காகவே பெரிதாக்குங்கள். இந்தப் பெரிய படத்தை வேறு பெயரில் வையுங்கள். மூலப்பிரதி சிறிதாகவே இருக்கட்டும்.

10. கைத்தொலைபேசியில் போடும்போது படம் வட்டமாக வெட்டப்படும். எங்களுடைய உலக்கை நுனி இரண்டும் வெட்டுப்பட்டன. அதற்கு, மூலப்பிரதியைத் திறந்து 'இமேஜ்' பட்டியலில் 'கன்வஸ் சைஸ்' போய் 44க்கு 44 என்று கொடுத்து 'சென்டர்' அழுத்துங்கள். சுற்றிவர இடம் கிடைக்கும். அடியில் புதிய லேயர் ஒன்று வைத்து மஞ்சள் நிறம் ஊற்றி, 660க்குப் பெரிதாக்குங்கள். இதையும் வேறு பெயரில் சேமியுங்கள்.

கடைசியாக ஒரு பரீட்சை. சின்னத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டோப் பிரதி எடுத்துப் பாருங்கள். பிறகு கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் பாருங்கள். அப்போதும் உரல் உரலாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டால் புள்ளியைக் கூட்டாதீர்கள், குறையுங்கள்.

வேறொருவருடைய சின்னத்தைப் பார்த்து வரையவும் வேண்டாம். நீங்களே வரைந்ததை வியாபாரக் குறியாகப் பதிவு செய்ய விரும்பினால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரிக்கலாம். மூலப்பிரதியையும் கொப்பியில் வரைந்த தாளையும் திகதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வார்த்தை

உதவ வந்த நிறுவனத்தாரிடம் அக்காவே போய்ப் பேசினார். நான் கூடப் போனேன், வாயைத் திறக்கவில்லை. "நீங்க செஞ்ச உதவிக்கு நன்றிங்க. ஆனா இதுதான் எங்க மார்க்" என்று தாளை மேசையில் வைத்தார். அந்த அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இது என்ன, இரண்டு பேர் இடிக்கிறார்களா?" என்று கேட்டார். ஆட்களே இல்லாத படத்தில் அவர் ஆட்களைக் கண்டுவிட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

லேபல் அடித்தாயிற்று. உரலுக்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் 'வறுத்த மிளகாய்த்தூள்' என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை. விற்பனை அப்படியொன்றும் தலைகீழாகக் கூடிவிடவில்லை. ஆனால் பொட்டலம் இப்போது முன்தட்டில் இருக்கிறது. போன கிழமை ஒரு சிங்கள அம்மா கடையில் வந்து, "அந்த வங்கெடிய படம் போட்ட தூள்" என்று கேட்டு வாங்கினாராம். வங்கெடிய என்றால் அவர்கள் பாஷையில் உரல். பெயரை வாசிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. சின்னம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

சகோதரிகளே, எங்களைப் பற்றிய படங்களை இதுவரை நிறையப் பேர் எடுத்திருக்கிறார்கள். வரிசையில் நின்ற படம், முகாம் வேலியோடு நின்ற படம், அழுத படம். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. இந்த 1024 புள்ளியில் எல்லாவற்றையும் போட இடமில்லை. அதனாலேயே எது முக்கியம் என்று நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அக்கா தன் கண்ணீரை மறைக்கவில்லை. அது விற்பனைக்கில்லை என்றுதான் சொன்னார்.

உங்கள் வீட்டில், உங்கள் சங்கத்தில், ஒரே ஒரு பொருள் என்றால் எது? சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்து 32க்கு 32 கோடு போட்டுப் பாருங்கள். வரைந்ததை எமக்குத் தபாலில் அனுப்பினால் அடுத்த இதழில் அவற்றைக் கணனியில் ஏற்றுவது பற்றிச் சேர்ந்து பார்ப்போம். பென்சிலால் வரையுங்கள். அழிறப்பரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.